மேசைக்கு மேலே குண்டு பல்ப்

கதிர்காமநாதன் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவருடைய தோளில் ஒரு வயர்ச் சுருள் தொங்கியது. கறுப்பு உறை போட்ட தடித்த வயர். ஒரு நுனியில் பிளக் பூட்டியிருந்தது. மற்ற நுனியில் உறையை உரித்து, செம்புக் கம்பிகளை முறுக்கி வைத்திருந்தார். பிரேமிளா மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த உரித்த நுனியைத்தான் பார்த்தாள்.

“பிள்ளை, பெட்டி முடிஞ்சுதோ?”

“இன்னும் இல்லை அண்ணை. பொழுதுபட முந்தித் தாறன்.”

“நேற்றும் உதைத்தானே சொன்னனீர்.”

“நேற்றுச் சாமான் வரேல்ல. இண்டைக்கு வந்திட்டுது, போட்டிட்டன். அளந்துபோட்டுத் தாறன்.”

“உதில அளக்க என்ன கிடக்கு? டிக், டிக் எண்டு சத்தம் வந்தாச் சரிதானே. யானை என்ன, மீற்றர் வைச்சுப் பாத்துக்கொண்டே வருது?”

முருங்கை மரத்தடியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த ரூபன் சிரித்துவிட்டான். மனைவி பிரேமிளா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. “இராசேஸ்வரியின்ர அரிசி ஆலையில போய்ப் பாரும், நிக்க இடமில்லை. ஊரெல்லாம் நெல்லு வெட்டி முடிச்சுக் குத்தவும் குடுத்தாச்சு. நான் ஒருத்தன்தான் மிச்சம். கீழ்த் துண்டு வயலை அந்தத் தனியன் யானை துவைச்சுப்போட்டுப் போட்டான். வெட்டு மெசின் நாளைக்கு விடியத்தான் வருது. இண்டைக்கு ஒரு இரவு அவன் உள்ளுக்கு வராட்டில் காணும். நீர் பெட்டி தந்தாப் பெட்டி. இல்லாட்டி…”

தோளை ஒருமுறை அசைத்தார். சுருளும் அசைந்தது.

நாவலடிக்குளத்தில் அந்த அசைவுக்கு விளக்கம் தேவையில்லை. ஒட்டுசுட்டான் காட்டுக்கும் ஊர் வயல்களுக்கும் நடுவே ஓடுகிற யானை வேலிக்கு உயிர் கொடுப்பது ஒரு சின்னப் பெட்டி. சோலார் பற்றறியிலிருந்து மின்னைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து, நொடிக்கொரு தரம் கம்பிக்குள் ஒரு அடி அனுப்பும். கண் மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுகிற அடி. யானை துள்ளிப் பின்வாங்கும். மாடு கத்திக்கொண்டு ஓடும். கை பட்ட மனிதன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொழுவினால் கதை வேறு. அது பிடித்ததை விடாது.

சுமனையும் விடவில்லை. பிரேமிளாவின் தம்பி. யுத்தத்துக்குள்ளாலும் முகாமுக்குள்ளாலும் ஒரு கீறலில்லாமல் வந்தவன். காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு பின்னேரம் அடுத்த ஊர் வயலுக்குள் இறங்கினான். பன்றிக்குக் கட்டியிருந்த கம்பியில் கிடந்தான். கம்பி கட்டியவர் கெட்ட மனிதர் அல்லர். செத்த வீட்டுக்கு வந்து, அவளுடைய அப்பா மூக்கனின் காலைப் பிடித்துக்கொண்டு குழறி அழுத மனிதர். பிரேமிளாவுக்கு இன்றுவரை பயம் அதில்தான். கதிர்காமநாதனும் கெட்ட மனிதர் அல்லர்.

“அண்ணை, உந்த வயரை இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ.”

“பெட்டி வரட்டும். பெட்டி வந்தா வயர் ஆருக்கு வேணும்?”

அவர் போகவும் இல்லை. முற்றத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரேமிளா அறைக்குள் போய் மேசையடியில் லைற்றைப் போட்டாள். தீபாவளிக்கு ரூபன் வாங்கி மாட்டிய எல்இடி பல்ப். பால்போல வெளிச்சம் விழுந்தது.

பிரேமிளாவின் தொழில் இன்னதென்று ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாது. போன் திருத்துவாள் என்று ஒரு பகுதி சொல்லும். மருந்தடிக்கிற மெசின், கோயில் ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பம்மின் போர்டு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றறி என்ற சாமானே வன்னிக்குள் இல்லாத நாட்களில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட வீட்டுப் பிள்ளை அவள். சுற்றுவது அவளுடைய வேலை. செய்தி கேட்பது பெரியவர்களின் வேலை. மெல்லச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் நெளியும், வேகமாகச் சுற்றினால் இரையும். அந்த நெளிவுக்கும் இரைச்சலுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தொடங்கியவள்தான், பிறகு நிறுத்தவேயில்லை.

எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டையுடன் இறங்கிவந்த மூக்கன், பிறத்தியார் காணியில் காடு வெட்டி, பிறத்தியார் வயலில் வரம்பு கட்டி, யுத்தம் முடிந்தபின் சைக்கிளில் பழைய இரும்பு சேர்த்தார். ஒருநாள் அவர் கொண்டுவந்த குவியலில், உடைந்த தையல் மெசினுக்குக் கீழே, நெளிந்த தகரக் கூட்டுக்குள் அது இருந்தது. முகத்தில் உள்ளங்கையளவு கண்ணாடித் திரை, பக்கத்தில் நிறையக் குமிழ்கள்.

“ஏம்மா, இதுல படம் தெரியுமா?” என்று கேட்டார் மூக்கன்.

“தெரியும்பா. கரண்டோட படம்.”

அப்படியானால் இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டாம் என்று சைக்கிளிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். அவளைவிட வயது கூடிய யப்பான் ஸ்கோப் அது. உயிர் வரப் பல காலம் பிடித்தது. வந்த அன்று பச்சைக் கோடு ஒன்று திரையின் குறுக்கே ஓடியதைப் பார்க்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மீற்றர் ஒரு எண்ணை மட்டும் சொல்லும். ஸ்கோப் மின்னின் உருவத்தையே வரையும். மேலே போனால் வோல்ற், குறுக்கே போனால் நேரம். வேலிப் பெட்டிக்குள் மின் ஒவ்வொரு நொடியும் ஏறி ஏறி விழுகிறது. அங்கே மீற்றரை வைத்தால் எண் தத்தித் தத்தி ஓடும், ஓரிடத்தில் நிற்காது. எவ்வளவு உயரம் ஏறி விழுகிறது என்று ஸ்கோப்தான் காட்ட வேண்டும்.

பெட்டிக்குள் பல்லி ஒன்று புகுந்து தானும் கருகி, மின்னைச் சேர்த்து வைக்கும் கொண்டன்சரையும் கருக்கிவிட்டிருந்தது. புதியது போட்டாயிற்று. பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிய காகிதத்தில் முந்நூற்றிருபது வோல்ற் என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் யானை தோலைச் சொறிந்துவிட்டு உள்ளே வரும். கூடினால் கொண்டன்சர் வெடிக்கலாம். வெடிக்காவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வேலியோரமாக வருகிற பிள்ளைகளின் கைக்கு அந்தக் கூடின அடி போகும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போன மாதம் ஸ்கோப்புக்குள்ளேயே ஒரு சாமான் செத்து, அவள் மாற்றிப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு திரை காட்டுகிற உயரம் உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. தன்னைத் தானே சரிபார்க்க ஸ்கோப்பின் முகத்திலேயே ஒரு சிறு முனை இருக்கும். இதில் அது எப்போதோ செத்துவிட்டது. முறையாகச் சரிபார்க்கிற கருவிகள் கொழும்பில் இருக்கும். அவளிடம் இருந்தது வீடுதான். வீட்டுக்குள்தான் சாட்சி தேட வேண்டும்.

ஸ்கோப்பைப் போட்டுச் சூடேற விட்டாள். கோடு முதலில் மங்கலாக வந்து, மெல்ல மெல்ல மயிரிழையாயிற்று.

முதலில் நேரம். பழைய றேடியோவிலிருந்து கழற்றிய ட்ரான்ஸ்போமர் ஒன்றைச் சுவர்ப் பிளக்கில் கொழுவினாள். சுவரில் இருநூற்று முப்பது வந்தால் மறுபக்கம் பன்னிரண்டு வரும். கை வைத்தாலும் கடிக்காத பன்னிரண்டு. அதன் அலை திரையில் நெளிந்தது. நொடிக்கு ஐம்பது அலை. ஒரு அலை நான்கு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கியது. நம்பாமல், போனில் ஆயிரம் அதிர்வுச் சத்தம் ஒன்றை ஓடவிட்டு, இயர்போன் வயரை வெட்டி ஸ்கோப்புக்குள் கொடுத்தாள். அதுவும் கோட்டில் வந்து உட்கார்ந்தது. நேரம் சரி.

“என்ன பிள்ளை, சத்தமில்லை?” வெளியிலிருந்து கதிர்காமநாதன்.

“வேலை நடக்குது.”

“வெயில் வேலிக்கு மேல வந்திட்டுது.”

“எனக்கும் கண் இருக்கண்ணை.”

அடுத்தது உயரம். ட்ரான்ஸ்போமரின் அலை எங்கே தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்கோப் நல்லாயிருந்த காலத்திலேயே திரையின் கண்ணாடியில் மேலும் கீழும் மை வைத்திருந்தாள். இன்று அலை அந்த மைக்கு எட்டவில்லை. நன்றாகக் கீழே நின்றது. வாயைச் சப்பினாள். நினைத்தது சரிதான், மாற்றிப் போட்ட சாமானோடு ஸ்கோப் தளர்ந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டுமென்று மல்ரி மீற்றரைச் சுவர்ப் பிளக்கில் குத்திப் பார்த்தாள். இருநூற்று முப்பத்தொன்று. சுவரில் பிழையில்லை. பிழை ஸ்கோப்பில்தான்.

பல் தீட்டும் பிரஷின் பிடியைத் தேய்த்துச் செய்த திருகியை எடுத்தாள். ஸ்கோப்பின் வயிற்றுக்குள் இரண்டாயிரம் வோல்ற் ஓடுகிறது. இரும்பை நீட்டினால் கணக்கு முடிந்துவிடும். பக்கத் துளைக்குள்ளால் திருகியை விட்டு, உயரத்தைக் கூட்டுகிற சின்னத் திருகை மெல்லத் திருப்பினாள். அலை வளர்ந்து மேலேயும் கீழேயும் மையைத் தொட்டது. கையை எடுத்தாள்.

பிறகு பெட்டி. பற்றறியைக் கொடுத்ததும் பல்லுக் கடிப்பதுபோல டிக் என்றது. திரையில் புள்ளி ஏறி, உச்சியில் நின்று, விழுந்தது. மறுபடி ஏறியது. பெட்டிக்குள்ளிருந்த திருகைத் திருப்பி, உச்சியை முந்நூற்றிருபதில் கொண்டுவந்து நிறுத்தினாள். மூடியைப் பூட்டினாள். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

கதிர்காமநாதன் பெட்டியை நம்பினாலும் தன் கையைத்தான் அதைவிட நம்புவார். முற்றத்தில் ஒரு அறுகம்புல்லைப் பிடுங்கி, அதன் நுனியைப் பெட்டியின் முனையில் வைத்தார். “ஆ! அம்மா!” என்று கையை உதறினார். முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது.

“சுள்ளெண்டு கிடக்கு. உம்மட அப்பர் பொறுக்கின இரும்பும் ஒரு பாட்டுக்கு உதவுது பாரும்.”

“அப்ப வயரைத் தாங்கோ.”

“தருவன், தருவன். முதல்ல இது வேலியில ஏறட்டும். ஏறியும் தனியன் உள்ளுக்கு வந்தானெண்டா, பிறகு நான் ஆரையும் கேக்கமாட்டன்.”

பெட்டியை மோட்டச்சைக்கிளின் பின்கரியரில் வைத்து இறப்பர் பட்டியால் இறுக்கத் தொடங்கினார். பிரேமிளா உள்ளே போனாள். ட்ரான்ஸ்போமரைத் திரும்பக் கொழுவி, கடைசியாக ஒருமுறை அலையைப் பார்த்துவிட்டு அணைப்பது அவளுடைய பழக்கம்.

அலை மையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அப்போது எங்கேயோ ஒரு சத்தம் நின்றது. காதுக்குள் இவ்வளவு நேரமும் இருந்து, இருந்ததே தெரியாத சத்தம். அது நின்ற அதே கணம் திரையில் அலை துள்ளியது. மையைத் தாண்டி மேலே போயிற்று. உச்சி திரைக்கு வெளியே போய் மறைந்தது.

மேசை லைற்றைப் பார்த்தாள். பால்போல, அசையாமல், அதே வெளிச்சம்.

மல்ரி மீற்றரை எடுத்துச் சுவரில் குத்தினாள். இருநூற்று எண்பது.

நாவலடிக்குளத்துக்கு இருநூற்று எண்பது வோல்ற் வந்த சரித்திரமே கிடையாது. லைனின் வாலில் கிடக்கிற ஊர். ஆலை ஓடினால் இருநூறைக் காண்பதே அபூர்வம். ஆலை.

இராசேஸ்வரியின் அரிசி ஆலை காலையில்தான் ஓடும். அறுவடை நெரிசலில் இப்போது பின்னேரமும் ஓடுகிறது. கதிர்காமநாதன் வந்தவுடனேயே வாயால் சொன்னாரே! முன்பென்றால் சொல்லவும் தேவையில்லை. ஆலை தொடங்கியதும் இந்த வீட்டுக் குண்டு பல்புகள் எல்லாம் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாகிவிடும். எல்இடி அப்படி இல்லை. நூற்றெண்பதிலும் ஒரே முகம், இருநூற்று முப்பதிலும் ஒரே முகம்.

ஆக, அவள் அளந்தபோது சுவரில் இருநூற்று முப்பது இருக்கவேயில்லை. அப்படியானால் மீற்றர் ஏன் இருநூற்று முப்பத்தொன்று என்றது? மீற்றரைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, உள்ளிருந்த பற்றறியின் முனையில் நாக்கை வைத்தாள். சுணையே இல்லை. உள்பற்றறி தளர்ந்தால் இந்த மலிவு மீற்றர்கள் கூட்டிக் காட்டும், அவளுக்குத் தெரியாததல்ல. பற்றறி தளர்ந்ததை எச்சரிக்கிற அடையாளம் தெரியும் திரை மூலை மட்டும் மழையில் நனைந்து குருடாகிப் போயிருந்தது. சுவர் குறைத்ததை மீற்றர் கூட்டியது. இரண்டு பொய்கள் கைகோத்துக்கொண்டு வந்து ஒரே எண்ணைச் சொன்னபோது, அவள் மூன்றாவது ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டாள்.

ஐம்பது அலை என்பது தீவு முழுவதுக்கும் ஒன்றுதான். அதில் எவரும் ஏமாற்ற முடியாது. வோல்ற் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு. பெரியதை நம்பிய அதே கண்ணால் சின்னதையும் நம்பிவிட்டாள்.

வெளியே மோட்டச்சைக்கிள் ஸ்ராட் ஆகியது.

மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. திரையில் முந்நூற்றிருபது என்றால் உள்ளே இருநூற்று அறுபதுதான். வோல்ற் ஐந்திலொன்று குறைந்தாலே அடியின் பலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். புல் நுனியில் சுள்ளென்றது உண்மை. ஆனால் அது கதிர்காமநாதனின் விரல். யானையின் தோல் அல்ல. போகவிட்டால் பெட்டி வேலியில் டிக், டிக் என்று அடிக்கும், எல்லோரும் அவளை மெச்சுவார்கள். தனியன் வருவான், மெல்லச் சாய்த்துப் பார்ப்பான், உள்ளே வருவான். அதற்குப் பிறகு அந்தப் பிளக்.

ஒரு குத்துமதிப்பாகப் பெட்டியைக் கூட்டிவிட்டாலென்ன? எவ்வளவு கூட்டுவது? அந்தக் கம்பியோரமாக நாளைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

ஓடிப்போய் மோட்டச்சைக்கிளின் முன்சில்லுக்குக் குறுக்கே நின்றாள்.

“இறக்குங்கோ அண்ணை.”

“என்ன?”

“பெட்டியை இறக்குங்கோ. நான் அளந்தது பிழை.”

கதிர்காமநாதன் எஞ்சினை நிறுத்தவில்லை. “பிழையோ? இப்பதானே என்ர கையே விறைச்சுது!”

“காணாது. அவனுக்கு உது காணாது. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ.”

“நேற்றுச் சாமானில்லை. இண்டைக்கு அளக்கோணும். அளந்து முடிய, அளந்தது பிழை. நாளைக்கு என்ன சொல்லுவீர், யானை பிழையெண்டோ?” குரல் உயர்ந்தது. “தள்ளும் பிள்ளை. எனக்கு உம்மட பெட்டியும் வேண்டாம், படமும் வேண்டாம். வயர் கிடக்கு.”

“கொழுவுங்கோ!” பிரேமிளாவும் கத்திவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தாய் வீட்டுப் பேச்சுத்தான் வரும். “கொழுவிட்டுப் போங்க! நாளைக்கு விடிய அங்க யாரு கிடக்கிறான்னு நீங்களே வந்து சொல்லுங்க. என் தம்பியைப் போய்ப் பாத்தது நான். நீங்க இல்ல.”

ரூபன் ரியூப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கதிர்காமநாதனின் கை கைபிடியில் அப்படியே நின்றது. பிறகு அவர் எஞ்சினை நிறுத்தினார்.

“என்ன வேணும்?” என்றார், அவளைப் பார்க்காமல்.

“ரெண்டு விசயம். ஆலையை இப்ப ஆரும் போடக்கூடாது. போட்டா கரண்ட் விழுந்து ஸ்கோப்பின்ர படமும் சுருங்கும். நீங்கள் போய் இராசேஸ்வரி அக்காவைப் பிடிச்சு வையுங்கோ.”

“மற்றது?”

“உங்கட மோட்டச்சைக்கிள் பற்றறி.”

“பெட்டியுமில்லை, வாகனமுமில்லையோ எனக்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே மோட்டச்சைக்கிளின் திறப்பை ரூபனிடம் எறிந்தார். ஆலைப் பக்கம் நடந்தார். வயர்ச் சுருள் கதிரையில் கிடந்தது.

ரூபன் அதைப் பார்த்தான். “இஞ்சேர், ஒளிச்சு வைப்பமோ?”

“வேண்டாம். ஒளிச்சா வேற வயர் எடுப்பார். பற்றறியைக் கழட்டுங்கோ.”

அவளுடைய சாமான் டப்பாவில் மூன்று கால் ஐசிகள் கிடந்தன. பன்னிரண்டு வோல்ற்றைக் கொடுத்தாலும் பதினான்கைக் கொடுத்தாலும் ஐந்தை மட்டும் வெளியே விடுகிற பிடிவாதக்காரர்கள். ஒன்று பழைய ரீவியிலிருந்து கழற்றியது, ஒன்று யாரோ எறிந்த றேடியோவிலிருந்து, மற்றது கடையில் வாங்கியது. ஒருவரை ஒருவர் கண்டிராத மூன்று பேர். சுவர்க் கரண்டோடும் அவர்களுக்கு உறவில்லை. முன்பே இவர்களைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். பெரிய வோல்ற்றை அளக்கப் போகிறோம், சாட்சியும் பெரிதாக இருக்கட்டும் என்று சுவரிடம் போனதுதான் வினையாயிற்று.

மோட்டச்சைக்கிள் பற்றறியில் முதல் ஐசியைக் கொழுவி மீற்றரால் தொட்டாள். ஆறு. இரண்டாவது, ஆறு. மூன்றாவதும் ஆறுக்குப் பக்கம். மீற்றரை அந்த மூலையில் தூக்கிப் போட்டாள்.

ஸ்கோப்பில் கொடுத்தாள். கோடு ஐந்தில் நிற்கவேண்டியது ஆறைத் தொட்டுக்கொண்டு நின்றது. திருகியைத் துளைக்குள் விட்டாள். ஒருமுறை வெளியே எடுத்து, மூச்சை விட்டு, மறுபடி விட்டாள்.

ஆலைப் பக்கம் மோட்டார் உறுமியது. கோடு நடுங்கிக் கீழே சரிந்தது. பிரேமிளா அசையாமல் இருந்தாள். உறுமல் செத்தது, அதன்மேல் இராசேஸ்வரியின் குரல் ஒழுங்கை கடந்து வந்தது.

“யானைக்கு வேலி கட்ட என்ர ஆலையைப் பூட்டுறியோ கதிர்காமநாதா? சனம் மூட்டையோட நிக்குது!”

“அரை மணித்தியாலம் அக்கா! அரை மணித்தியாலம்! சுவிச்சில கை வைச்சியெண்டா நான் பெல்ற்றுக்குக் குறுக்க படுப்பன்!”

“படு! அரிசியோட சேர்த்துத் தீட்டி விடுறன்!”

அரிசிக்கு வந்து நின்ற சனம் சிரித்தது. மோட்டார் மறுபடி கேட்கவில்லை. கோடு மேலே வந்து நின்றது. அவள் திருகினாள். ஐந்து. இரண்டாவது ஐசி. ஐந்து. மூன்றாவது மயிரிழை கூட, இருக்கட்டும்.

துளைக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்கோப்பைச் செய்தவர்கள் அந்தத் திருகில் ஒரு சொட்டுச் சிவப்பு மை வைத்திருந்தார்கள், சரியான இடத்தைக் காட்ட. பின்னேரம் திருகைத் திருப்பியபோது அவள் உடைத்துவிட்ட அந்த மை, இப்போது கிட்டத்தட்ட பழையபடி பொருந்தி நின்றது. அப்பாவின் குவியலிலிருந்து வந்த சாமான் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழையென்று சொன்னவள் அவள்தான்.

வருத்தப்பட நேரமில்லை. பெட்டியைத் திறந்தாள். டிக். புள்ளி ஏறியது. இருநூற்று அறுபதில் நின்று விழுந்தது, அவள் கணக்கிட்டபடியே. உச்சியை மெல்ல மெல்ல ஏற்றினாள். முந்நூற்றிருபது. பல தடவை விழவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

“ஓடிப்போய் அண்ணையைக் கூட்டியாங்கோ,” என்றாள் ரூபனிடம். வாசலில் வெயில் இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது.

பெட்டி வேலியில் ஏறியபோது குளக்கட்டின் மேல் வானம் செம்மண் நிறமாகியிருந்தது. கதிர்காமநாதனின் வீட்டு விறாந்தை வேலியிலிருந்து கூப்பிடு தூரம். வயரை எடுத்து வந்திருந்தார். பிளக்கை விறாந்தைச் சுவருக்குக் கீழே வைத்துவிட்டு, சுருளை வேலிவரை அவிழ்த்துவந்து, உரித்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிரேமிளா அவருக்கும் கம்பிக்கும் நடுவே நின்றாள். ரூபன் இருவரையும் விட்டு ஐந்தாறு அடி தள்ளி நின்றான், ஓடுவதற்கு வசதியாக.

டிக். டிக். டிக்.

காட்டு விளிம்பில் மரங்களில் ஒன்று நகர்ந்ததுபோல இருந்தது. தனியன். அவசரமேயில்லாமல் வந்தான். நேற்று வந்த வழி, முந்தநாள் வந்த வழி. கம்பி செத்துக் கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். நெல் மணத்துக்குத் தும்பிக்கையை உயர்த்தினான். கதிர்காமநாதன் வாய்க்குள் ஏதோ தெய்வத்தைக் கூப்பிட்டார். கையிலிருந்த வயர் விறைத்தது.

தும்பிக்கையின் நுனி கம்பியைத் தொட்டது.

வெடி போட்டதுபோல ஒரு பிளிறல். தனியன் பின்னங்காலில் உட்காருமாப்போல் சரிந்து, எழும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்வாங்கினான். போகவில்லை. தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவனைப் போல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. காதை ஒருமுறை அடித்தான். பிறகு திரும்பி, வேலிக்குச் சமாந்தரமாக நடந்து, காட்டோடு காடானான்.

“திரும்பி வருவானோ?” என்று கேட்டார் கதிர்காமநாதன்.

“வருவான். வந்தாலும் இதுதான். வயரைத் தாங்கோ அண்ணை.”

அவர் உரித்த நுனியைப் பார்த்தார். தன் கையில் அது இருப்பதை அப்போதுதான் கண்டவர்போல விரலை விட்டு விலத்திப் பிடித்தார். பிறகு வீட்டுப் பக்கம் போய்ப் பிளக்கை எடுத்துக்கொண்டு, நடந்து வந்தபடியே முழங்கையில் சுற்றிச் சுற்றி, கடைசிச் சுற்றையும் முடித்து அவளிடம் கொடுத்தார்.

“சுமன் நல்ல பெடியன்,” என்றார். “எனக்கும் ஒருக்கா வேலி அடைச்சுத் தந்தவன்.”

பிரேமிளா சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்து உரித்த நுனியை வெட்டி, பிளக்கைக் கழற்றி, இரண்டையும் வெவ்வேறு டப்பாவுக்குள் போட்டாள்.

விடிய, மூடுபனிக்குள்ளால் வெட்டு மெசினின் இரைச்சல் கேட்டது. ரூபன் தேத்தண்ணீரோடு அறைக்குள் எட்டிப் பார்த்தான். பிரேமிளா கதிரை மேல் ஏறி நின்று, மேசைக்கு மேலிருந்த எல்இடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தூசி தட்டிய பழைய குண்டு பல்ப் ஒன்று அவளுடைய மற்றக் கையில் இருந்தது.

“இஞ்சேர், கரண்ட் பில் எகிறப் போகுது.”

“எகிறட்டும். இது என்ர ஆள்.”

மாட்டி, சுவிச்சைப் போட்டாள். இழை வெள்ளையாகச் சிரித்தது. ஸ்கோப்பைத் தட்டிச் சூடேற விட்டுவிட்டு, மருந்தடிக்கிற மெசினின் போர்டு ஒன்றை எடுத்து வைத்தாள். ஸ்கோப்பின் தொடுமுனையான புரோபைக் கையில் எடுத்தபோது ஒழுங்கைக்கு அப்பால் ஆலை உறுமியது. தலைக்கு மேலே பல்ப் மெல்ல மெல்லப் பழுத்து மஞ்சளாகியது.

பிரேமிளா புரோபைக் கீழே வைத்தாள். தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஆலை ஓய்வதற்குக் காத்திருந்தாள்.